கல்லுக்குக் காணி வேண்டும்

தெஹிவளையில் கடலுக்கும் புகையிரதப் பாதைக்கும் இடையில் பெரிய பெரிய கருங்கற்பாறைகள் கிடக்கின்றன. கடலரிப்பு தண்டவாளத்தைத் தின்றுவிடாதபடி போடப்பட்டவை. மாலை வேளையில் வெள்ளவத்தைப் பக்கமிருந்து நடந்து வருகிறவர்கள் அவற்றின் மேல் அமர்ந்து காற்று வாங்குவார்கள். காதலர்கள் குடையை விரித்துக்கொள்வார்கள். அந்தக் கற்களில் எழுத்து எதுவும் இல்லை.

1996 ஜூலை 24, புதன்கிழமை மாலை. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களால் நிரம்பி வழிந்த வண்டியொன்றில், தெஹிவளை நிலையத்தில் வைத்துக் குண்டுகள் வெடித்தன. 64 பேர் மாண்டார்கள், 400க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். வடக்கே முல்லைத்தீவு இராணுவ முகாம் தாக்கப்பட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. நான் பத்திரிகைத் தொழிலுக்கு அப்போது புதியவன். மறுநாட் பத்திரிகைக்கு நான் எழுதிக் கொடுத்தது பெரும்பாலும் எண்ணிக்கைதான். நிலையத்தில் பார்த்ததை எழுதவில்லை, எழுதவும் தெரியவில்லை. அன்றிரவு எங்கள் ஒழுங்கையில் தமிழ் வீடுகள் எதிலும் விளக்கு எரியவில்லை. 1983 ஜூலையை அந்த ஒழுங்கை மறந்திருக்கவில்லை.

அந்த இருட்டு வீடுகளுள் ஒன்றில் கைக்குழந்தையாக இருந்தவள் என் தங்கையின் மகள். பின்னர் குடும்பத்தோடு கனடா போனாள். இப்போது ரொறன்ரோவில் சிற்பக்கலை படிக்கிறாள். சில வாரங்களுக்கு முன்னர் அவளிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: "மாமா, எங்கட ஆக்களில யாராவது தாங்கள் பட்டதைக் கல்லில செதுக்கியிருக்கினமா? வகுப்பில கேட்டவை. எனக்கு ஒருத்தரையும் சொல்லத் தெரியேல்லை."

உடனே பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கும் தெரியவில்லை. கல்லையே தெய்வமாகக் கும்பிடுகிற, மாண்ட வீரனுக்குக் கல் நட்ட இனம் நாம். முப்பது வருடப் போரைக் கண்ட இனமும் நாம். இப்படி ஒரு கேள்விக்கு ஒரு பெயர் சொல்ல முடியாமற் போனது எப்படி? இந்தக் கட்டுரை அவளுக்கு எழுதத் தொடங்கிய கடிதந்தான். நீண்டுவிட்டபடியால் இங்கே இடுகிறேன்.

தொடக்கத்தில் நம்முடைய கல் ஒரு தனி மனிதனைப் பற்றியதாகவே இருந்திருக்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்தவை. கிறிஸ்துவுக்கு முந்தியவை. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட ஒருவனின் பெயரையும் பூசல் நடந்த ஊரையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. உருவம் இல்லை, புகழுரை இல்லை. ஆள் உயரம்கூட இல்லாத கல். தொல்காப்பியம் இந்த வழக்கத்துக்கு இலக்கணமே வகுத்தது. கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது என்று படிப்படியாகப் போகிறது அந்த முறை.

சிலப்பதிகாரத்துக்கு வரும்போது இந்தக் கல் வேறொருவர் கைக்குப் போய்விடுகிறது. வஞ்சிக் காண்டத்துக் காதைகளின் பெயர்களைப் பாருங்கள்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல். அதே படிகள். ஆனால் கல்லை எடுக்கச் சேரன் செங்குட்டுவன் இமயத்துக்குப் படை நடத்துகிறான். தோற்ற கனகவிசயர் தலையில் கல்லை ஏற்றிக் கங்கையில் நீராட்டிக் கொண்டுவருகிறான். கணவனை அநியாயமாகப் பறிகொடுத்த ஒருத்தியின் துயரம், ஓர் அரசனின் வெற்றிச் சின்னமாகவும் ஆகிவிடுகிறது. கண்ணகி தானாகச் செய்தது ஒன்றுதான், சிலம்பை உடைத்தாள். கல் எடுத்தது அரசு. அந்த விழாவுக்கு இலங்கையிலிருந்து கயவாகு மன்னனும் போனதாகக் காப்பியம் சொல்கிறது. சிங்களவர் பத்தினி தெய்யோ என்றும் நாங்கள் கண்ணகை அம்மன் என்றும் கும்பிடுகிறோம். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் பொங்குகிற அம்மன் அவள்தான். அந்தக் கோயிலுக்குப் பக்கத்துக் கடலோரத்தில்தான், அதே வைகாசியில், 2009இல் முள்ளிவாய்க்கால் முடிந்தது.

முள்ளிவாய்க்காலைக் கல்லில் செதுக்கிய இடம் ஒன்று இருக்கிறது. அது ஈழத்தில் இல்லை. தஞ்சாவூருக்கு வெளியே விளாரில், பழ. நெடுமாறனின் உலகத் தமிழர் பேரமைப்பு அமைத்த முள்ளிவாய்க்கால் முற்றம். 2013 நவம்பர் 6ஆம் திகதி திறந்தார்கள். ஒரே வாரத்தில், 13ஆம் திகதி, நெடுஞ்சாலைத் துறைக்குரிய நிலம் என்று சொல்லி, அதன் சுற்றுச்சுவரையும் முன்புறப் பூங்காவையும் இடித்துத் தள்ளினார்கள். நெடுமாறன் சிறைக்குப் போனார். நல்லவேளையாகச் சிற்பங்கள் தப்பின.

சில வருடங்களின் பின் தஞ்சாவூர் போனபோது அங்கே ஒரு காலை வேளையைக் கழித்தேன். ஒரு பக்கத்துச் சுவரில் வன்னியில் மக்கள் பட்ட பாடு, மறு பக்கத்தில் ஈழத்துக்காகத் தீக்குளித்த தமிழ்நாட்டு இளைஞர்கள். எல்லாம் கருங்கற் புடைப்புச் சிற்பங்கள். கோயிற் சிற்ப மரபில் பயின்ற கைகள் என்பது பார்த்த உடனே தெரிகிறது. உளியின் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் எனக்கு ஒரு சங்கடம் வந்துவிட்டது. இந்தக் காட்சிகள் நான் ஏற்கெனவே புகைப்படங்களில் பார்த்தவை போலத் தோன்றின. செதுக்கியவர் அங்கே இருந்தவரல்லர். அங்கே இருந்தவர் செதுக்கியவரல்லர். கல்லில் அழுகிற தாயின் முகம் ஒரு தாயின் முகம், அவ்வளவுதான். எந்தத் தாய் என்று கேட்டால் கல்லுக்குப் பதில் தெரியாது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எங்களுக்கு ஒரு முழக் காணிகூட இல்லாத வேளையில் கடல் தாண்டி ஒரு மண் இடம் கொடுத்தது. ஆனால் என் மருமகள் கேட்டது வேறு.

அவள் கேட்டதற்கு நேர் விடையாக எனக்குத் தெரிந்தவர் ஒரு ஜேர்மன் பெண்மணி. கேத்தே கோல்விட்ஸ், 1867இல் பிறந்தவர். பேர்லினில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த ஒரு வைத்தியரின் மனைவி. முதலாம் உலகப் போர் வெடித்தபோது இளைய மகன் பீற்றருக்கு வயது 18. போருக்குப் போகிறேன் என்று நின்றான். சட்டப்படி தகப்பனின் சம்மதம் வேண்டும். தகப்பன் மறுத்தார். தாய்தான் மகனுக்காகப் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். 1914 ஒக்டோபரில், போன சில நாட்களிலேயே, பெல்ஜியத்தில் டிக்ஸ்மூடுக்கு அருகில் பீற்றர் இறந்தான்.

அந்த வருட முடிவுக்குள்ளேயே அவனுக்கொரு சிற்பம் செய்யத் தீர்மானித்தார். முடிந்தது 1932இல். இடையில் 18 வருடங்கள்; மகன் உயிரோடிருந்த அதே அளவு காலம். முதலில் மகனைக் கிடத்தி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் தாய் தகப்பனை வைப்பதாக இருந்தது. சரிவரவில்லை. 1919இல் கைவிட்டார். சில வருடங்கள் கழித்து மறுபடி தொடங்கினார். கடைசியில் மகனின் உருவத்தையே நீக்கிவிட்டார். எஞ்சியவை இரண்டு உருவங்கள், தனித்தனிப் பீடத்தில். தகப்பன் முழங்காலிட்டு, நிமிர்ந்து, இரு கைகளாலும் தன்னையே இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறார். தாய் குனிந்து, தலை கவிழ்ந்திருக்கிறாள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை, தொடவில்லை. தகப்பனின் முகம் அவருடைய கணவரின் முகம். தாயின் முகம் அவருடையதே. கருங்கல்லில் செதுக்கியது அவரல்லர். அவர் செய்த சாந்துருவத்தைப் பார்த்து வேறு கற்சிற்பிகள் செதுக்கினார்கள். (மருமகளே, "அப்ப அது அவவின்ட சிற்பமோ?" என்று நீ வாதாடுவாய். தெரியும்.) பெல்ஜியத்தில் மகன் புதைக்கப்பட்ட மயானத்திலேயே அவற்றை நிறுத்தினார்கள். பிறகு 1950களில் கல்லறைகளோடு சேர்த்து விளாட்ஸ்லோ என்னும் இடத்துக்கு மாற்றினார்கள். 25,000க்கும் மேற்பட்ட ஜேர்மன் படையினர் கிடக்கிற இடம் அது. பீற்றரின் பெயருள்ள கல் தகப்பனின் பீடத்துக்கு முன்னால் கிடக்கிறது.

அடுத்த வருடமே ஹிட்லர் வந்தார். கோல்விட்ஸை பிரஷ்யக் கலைக்கழகத்திலிருந்து விலக வைத்தார்கள். 1942இல், மூத்த மகனின் பிள்ளை, அவனும் பீற்றர்தான், ரஷ்யப் போர்முனையில் இறந்தான்.

அந்தச் சிற்பத்தில் வீரம் இல்லை. எதிரி இல்லை. நாடு இல்லை. "நான்தானே சம்மதம் வாங்கிக் கொடுத்தேன்" என்கிற ஒரு தாயின் முதுகு மட்டும் இருக்கிறது. படங்களில் அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்த் தாய்மார் நினைவுக்கு வருவார்கள். பிள்ளை இயக்கத்துக்குப் போகப் போகிறான் என்று தெரிந்தும் தடுக்காதவர்கள் இருந்தார்கள். தடுத்தும் முடியாமற் போனவர்கள் இருந்தார்கள். கடைசி வருடங்களில், வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு போனபோது வாகனத்தின் பின்னால் ஓடியவர்களும் இருந்தார்கள். இந்த மூன்று தாய்மாருக்கும் ஒரே கல் பொருந்தாது. ஆனால் எங்களிடம் இருந்த கல் ஒன்றே ஒன்றுதான்.

துயிலும் இல்லங்களைச் சொல்கிறேன். உடல் கிடைத்தவர்களுக்குக் கல்லறை, கிடைக்காதவர்களுக்கு நினைவுக்கல். அந்த இரண்டாவது வகைக்கு நடுகல் என்றே பெயர் வைத்திருந்தார்கள், சங்கப் பெயர். வரிசை வரிசையாக, ஒரே அளவில், ஒரே அமைப்பில். இயக்கப் பெயரும் நிலையும் முதலில், பெற்றோர் வைத்த பெயர் பிறகு. என்ன பொறிப்பது என்று தாயிடம் யாரும் கேட்டதில்லை. இயக்கத்தின் கையால் மாண்டவர்களுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. 1986இல் கொல்லப்பட்ட டெலோ இளைஞர்களுக்கு இல்லை. 1989 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகமவுக்கு இல்லை. அப்படியிருந்தும், வெள்ளிக்கிழமைகளில் பூக்கொண்டு போய், தன் பிள்ளையின் கல்லை மட்டும் கழுவித் துடைத்துவிட்டு வந்த தாய்மாருக்கு அது சொந்தக் கல்தான். தடவித் தடவி அவர்கள் அதைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

அதையும் விட்டுவைக்கவில்லை. யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்குப் போனபின் கோப்பாய்த் துயிலும் இல்லத்தை உடைத்தார்கள். 2002 சமாதான காலத்தில் மீண்டும் கட்டினார்கள்; உடைத்த கற்களின் துண்டுகளைப் பார்வைக்கு வைத்தார்கள். இறுதிப் போருக்குப் பின் மறுபடி தரைமட்டம். 2011 மார்ச்சில் அந்தக் காணியில் இராணுவப் படைப்பிரிவொன்றின் தலைமையகம் திறக்கப்பட்டது.

மருமகளின் கேள்விக்கு என் விடை இந்த இடத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. கல்லுக்கு முதலில் வேண்டியது உளியல்ல, காணி. அடுத்தது காலம். அதற்கும் அடுத்தது, வைத்த கல்லை வைத்த இடத்தில் விட்டுவைப்பார்கள் என்கிற நம்பிக்கை. கொட்டாஞ்சேனைப் பக்கம், கொச்சிக்கடையில் உள்ள பொன்னம்பலவாணேசர் கோயிலைப் பார்க்கிறவர்களுக்கு இது புரியும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இலிருந்து 1912 வரை, தந்தையார் கட்டிய கோயிலை முழுக்கக் கருங்கல்லால் எழுப்பினார். ஐந்து வருடம் கல்லோடு மல்லுக்கட்ட அவரிடம் பணம் இருந்தது, செல்வாக்கு இருந்தது, நாளைக்கு ஓடவேண்டிவரும் என்கிற பயம் இல்லாதிருந்தது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே இரவில் புறப்பட்டவர்களிடம் சைக்கிளும் பையும் இருந்தன. கல்லை யார் தூக்கிக்கொண்டு போவது?

இன்னொன்றும் உண்டு. குடாநாட்டு நிலம் சுண்ணாம்புக்கல். பழைய கோயில்களைக் கட்டிய வெண்வைரக்கல் அதுதான். கருங்கல் வெளியிலிருந்து வரவேண்டும், கல்லைப் பொளிய ஆசாரிமார் தமிழ்நாட்டிலிருந்து வருவார்கள். போர் அந்த வழியையும் அடைத்தது. பின்னர் நாங்கள் எழுப்பிய நினைவுச் சின்னங்களிற் பல சீமெந்தும் கம்பியுமாக ஆனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

போரைத் தாங்களே பட்ட கலைஞர்கள் என்ன செய்தார்கள்? தூக்கிச் செல்லக்கூடியதைத் தேடிக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2004இல் யாழ். பொது நூலகத்தில் மக்கள் கொடுத்த அன்றாடப் பொருட்களை வைத்து ஒரு காட்சி அமைத்தார். 2011இல், இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்த படங்களை ஒரு தோம்பாகத் தொகுத்தார், 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும் பெயரில். பின்னர் நூலக அட்டைப் பெட்டகம் ஒன்றையே கலைப்படைப்பாக்கினார். கல் ஒன்றும் இல்லை, கடதாசியும் பெட்டியுந்தான். தெற்கிலே சந்திரகுப்த தேனுவர, வீதித் தடைகளில் நின்ற எண்ணெய்ப் பீப்பாய்களை 1997இல் கலையாக்கினார். 83 ஜூலையை நினைவுகூர ஆண்டுதோறும் ஜூலையிலே கண்காட்சி வைத்து வருபவர் அவர்.

சிங்களத் தாய்மாரின் கல்லுக்கும் கதி இதுதான் என்பதை நம்மவர் பலர் அறியார். 1989-90 காலத்தில் எம்பிலிப்பிட்டியப் பாடசாலை மாணவர்களைக் கொண்டுபோய்க் காணாமல் ஆக்கினார்கள். அவர்களையும் அவர்களைப் போன்ற மற்றவர்களையும் நினைந்து, ஓவியரும் தொல்லியலாளருமான ஜகத் வீரசிங்க 1999இல் பத்தரமுல்லையில், பாராளுமன்றத்துக்குக் கிட்ட, அப்பாவிகளுக்கான நினைவாலயம் ஒன்றை அமைத்தார். அரசாங்கமே கேட்டுச் செய்வித்தது. பின்வந்த அரசாங்கத்தின் காலத்தில், நகரை அழகுபடுத்துகிறோம் என்ற வேலைகளுக்கிடையில் அது அகற்றப்பட்டுவிட்டது. சீதுவைக்கு அருகே ரத்தொலுவைச் சந்தியில் தேனுவர செய்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் முகங்கள் பதித்த சுவருக்கு முன்னால் ஒவ்வோர் ஒக்டோபர் 27ஆம் திகதியும் பெற்றோர் கூடுகிறார்கள். காத்தான்குடியில் எவரும் சிற்பம் செய்யவில்லை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட பள்ளிவாசலில், சுவரில் பாய்ந்த சூட்டுத் துளைகளைப் பூசாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்தத் துளைகளுக்கு முன்னால் ஒரு தமிழனாக நிற்பது இலகுவல்ல. நான் நின்றிருக்கிறேன்.

வெற்றியின் கல்லுக்கு மட்டும் காணிப் பஞ்சம் வரவில்லை. கிளிநொச்சியில், ஆனையிறவில், புதுக்குடியிருப்பில் எழுந்த படைச் சின்னங்களை அவ்வழிகளால் போகிறவர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள்.

மறுபக்கம், யாழ். பல்கலைக்கழக வளவில் மாணவர் அமைத்திருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதமிருந்தார்கள். மூன்றே நாளில் துணைவேந்தரே புதிய அடிக்கல்லை நாட்ட நேர்ந்தது. ஏப்ரல் 23ஆம் திகதி தூபி மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே, முள்ளிவாய்க்காலில் நாட்டவென்று கொண்டுவந்து வைத்த எழுத்துப் பொறித்த நினைவுக்கல் இரவோடிரவாகக் காணாமற் போயிற்று. மனிதர்கள் காணாமற் போன மண்ணில் ஒரு கல்லும் காணாமற் போயிற்று. செய்தியாளனாக முப்பது வருடம் இருந்துவிட்ட எனக்கே அந்தச் செய்தியை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் விடை "இல்லை" என்பதுதானா? ஒரு தடவை அப்படி எழுதி, பின் அழித்தேன். 2016 நவம்பரில் கிளிநொச்சி கனகபுரத்தில், இராணுவம் விட்டுப் போன துயிலும் இல்லக் காணியை மக்கள் துப்புரவு செய்தார்கள். பற்றைக்குள்ளிருந்து உடைந்த கல்லறைத் துண்டுகளைப் பொறுக்கிக் குவித்தார்கள். ஒரு துண்டில் ஒரு பெயரின் பாதி. இன்னொன்றில் ஒரு திகதி. எது யாருடையது என்று பிரிக்க முடியாது. அந்தக் குவியலைச் சுற்றித்தான் விளக்கேற்றினார்கள். எந்த அமைப்பும் திட்டம் போட்டு வரைந்த வடிவமல்ல அது. பட்டவர்கள் தங்கள் கையாலேயே, உளியில்லாமல் செய்தது. அதைச் சிற்பம் என்று வகுப்பிலே ஒப்புக்கொள்வார்களோ, எனக்குத் தெரியாது. கோல்விட்ஸ் கண்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் அவளுக்கு எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. கோல்விட்ஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. தஞ்சாவூரைப் பற்றியும் இல்லை. "மாமா, அந்த வெண்வைரக்கல் செதுக்க மெதுவோ?" என்று கேட்டிருந்தாள். கருங்கல்லைவிட மெதுதான், ஆனால் மழையில் வருடக்கணக்கில் நின்றால் கரையும் என்று எழுதினேன். "கரைஞ்சால் பரவாயில்லை" என்றாள்.

அடுத்த மாசியில் வருகிறாளாம். 1996இல் அவளும் தாயும் விளக்கை அணைத்துவிட்டு இருந்த தெஹிவளை வீட்டை முதலில் பார்க்க வேண்டுமாம். அந்த வீடு இப்போது ஏழு மாடித் தொடர்மனை. அதை இன்னும் சொல்லவில்லை. உளியைத் தானே கொண்டு வருவாளாம். கல்லை மட்டும் நான் பார்த்து வைக்க வேண்டுமாம்.